தபாற்காரனும் தமிழ் மடலும்
மடலாடற்குழு மென்பொருள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்ந்தோர் அச்சியந்திரத்துக்கு உரிய இடத்தைக் கொடுத்தே வந்துள்ளனர். ஏட்டிலிருந்து தாளுக்கு எழுத்து மாறியபோது நிறுத்தற்குறிகள் புகுந்தமையும், பந்தி பிரித்தெழுதும் வழக்கம் நிலைத்தமையும், வாசகன் என்னும் முகமறியாத ஒருவன் தோன்றியமையும் இன்று பாடநூற் செய்திகளாகிவிட்டன. ஆனால், 1990களின் நடுப்பகுதி தொடக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மின்னஞ்சல் வழியே தமிழிலே நிகழ்ந்த பெருந்தொகையான எழுத்து முயற்சி குறித்து இத்தகைய நோக்கு மிகக் குறைவாகவே எழுந்துள்ளது. மடலாடற்குழுக்களில் எழுதியோரைப் பற்றிப் பேசுவோர் உளர். அவர்தம் மடல்களைச் சுமந்து சென்ற மென்பொருளைப் பற்றிப் பேசுவோர் அரியர். சுமக்கும் கருவி சுமையின் வடிவத்தையும் தீர்மானிக்கின்றது என்பது உண்மையாயின், அக்கருவியும் விமர்சனத்துக்குரிய பொருளே.

மடலாடற்குழு என்பது எளிய ஏற்பாடு. ஒரு முகவரிக்கு ஒருவர் எழுதுவது, அக்குழுவிற் பெயர் பதிந்த எல்லோருக்கும் சென்று சேர்கின்றது. பெயர்ப்பட்டியலைப் பேணுவதும், புதியோரைச் சேர்ப்பதும், விலகுவோரை நீக்குவதும் தொடக்கத்திலே மனிதர் கையாற் செய்த வேலைகள். 1986இல் பாரிசிலே மாணவராயிருந்த எரிக் தோமஸ், பிற்நெற் வலையமைப்புக்காக எழுதிய லிஸ்ற்சேர்வ் இவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. 1992இல் பிரென்ற் சப்மன் எழுதிய மேஜர்டோமோ, யுனிக்ஸ் கணினிகளுக்கு அதே வசதியைக் கொண்டுவந்தது. மூன்றாவதாக வந்தது மெயில்மேன். ஜோன் வியேகா என்னும் மாணவர் அதனை முதலில் எழுதினார்; வன்தட்டுப் பழுதொன்றில் மூலநிரலை அவர் பறிகொடுத்தார்; பிறர் அதனை மீட்டெடுத்து வளர்த்தனர். பரி வோர்சோவின் பொறுப்பிலே குனூ திட்டத்தின் உறுப்பாக அது வளர்ந்தது. 1999இல் முதலாம் பதிப்பும், 2002 டிசம்பரில் 2.1 பதிப்பும் வெளிவந்தன. நமது பழஞ்சுவடிகள் கறையானுக்கு இரையான கதையைக் கேட்டு வளர்ந்தோருக்கு, மூலநிரல் தொலைந்த கதை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

மெயில்மேன் என்னும் பெயர் தபாற்காரனைக் குறிப்பது. இப்பெயரையே உரைகல்லாகக் கொண்டு அதனை மதிப்பிடலாம்.

தமிழர் இக்கருவிகளைக் கையாண்ட வரலாறு சுவையானது. 1995இல் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெற் குழுவிலே மலேசியா, சிங்கப்பூர், தமிழ்நாடு, இலங்கை, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களைச் சார்ந்த தமிழர் ஒருங்கே எழுதினர். ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வோர் எழுத்துருவாக இருந்த குழப்பத்தைத் தீர்ப்பதற்கான விவாதம் மடல்களின் வழியாகவே நடந்தது. திஸ்கி என்னும் எழுத்துக் குறியேற்றம் அவ்விவாதத்தின் விளைவு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று சுவிற்சர்லாந்திலிருந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் இத்தகைய மடற்றொடர்பின் பயனாகவே ஆள்பலம் பெற்றது. பின்னர், மலேசிய மருத்துவர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர் குழு போன்றன யாகூ நிறுவனத்தின் இலவச ஏற்பாட்டிலும், மின்தமிழ், சந்தவசந்தம் முதலியன கூகிள் நிறுவனத்தின் ஏற்பாட்டிலும் இயங்கின. சொந்தச் சேவையகத்தில் மெயில்மேனை நிறுவி நடத்தும் வழியைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களே பெரிதும் மேற்கொண்டனர். சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் உபுண்டு தமிழ்க் குழுவும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

2.1 பதிப்பு பன்மொழி ஆதரவைத் தனது தலையாய சிறப்பாக அறிவித்துக்கொண்டே வந்தது. ஆனால், அப்பொழுது அதனுடன் வந்த மொழிகளின் வரிசையிலே தமிழ் இல்லை. இது மட்டுமாயின் பெருங்குறையன்று. அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் வந்தாலும் மடல்கள் தமிழில் வரலாம் எனச் சமாதானம் கூறலாம். உண்மையிலே நேர்ந்தது வேறு. தனக்கு மொழிபெயர்ப்பு இல்லாத குழு, இயல்பாகவே ஆங்கிலக் குழுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆங்கிலக் குழுவின் எழுத்துத் தொகுதி, முன்னிருப்பின்படி, அஸ்கி என்னும் 128 குறிகள் மட்டுமே. தனித்தனியாக வரும் மடல்களுக்கு இதனாற் பெருங்கேடில்லை. ஆயின், ஒரு நாளின் மடல்களையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து அனுப்பும் 'திரட்டு' என்னும் வசதியை எளிய உரை வடிவிலே தேர்ந்த வாசகருக்கு, மென்பொருள் எல்லா மடல்களையும் குழுவின் எழுத்துத் தொகுதிக்குள் அடக்க முற்படுகின்றது. அத்தொகுதிக்குள் இல்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டுவிடுகின்றது. தமிழ்மடல் முழுவதும் கேள்விக்குறிகளின் வரிசையாகிப் போகின்றது. எழுதியவர் பெயரும், நாளும், இடையிடையே வரும் ஆங்கிலச் சொல்லும் மாத்திரம் எஞ்சுகின்றன.

திரட்டைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதும் நோக்கற்பாலது. தொலைபேசி வழியே நிமிடக் கட்டணம் செலுத்தி இணைப்பைப் பெற்றவர், நாளுக்கு ஒருமுறை மட்டும் கணினி நிலையத்துக்குச் சென்றுவரக் கூடியவர், பல மடல்களைத் தனித்தனியே இறக்க முடியாதவர் ஆகியோருக்கே அவ்வசதி இன்றியமையாதது. அதாவது, வசதி குறைந்த இடத்திலிருந்த தமிழ் வாசகனுக்கென அமைந்த வாயிலே அவனுக்கு அடைக்கப்பட்டிருந்தது.

இக்குறையைத் தீர்க்க ஒரே ஒரு வரி போதும். மென்பொருளின் அமைப்புக் கோப்பிலே ஆங்கிலத்தின் எழுத்துத் தொகுதி யூரிஎப்-8 என அறிவித்துவிட்டால் கேள்விக்குறிகள் மறைந்து தமிழ் தோன்றும். ஆனால், அந்த வரியை எழுதும் உரிமை யாருக்கு உண்டு என்பதிலேதான் சிக்கல் உள்ளது. மெயில்மேனிலே இரு நிலை அதிகாரம் உண்டு. குழுவின் நிர்வாகி உலாவியின் வழியே நுழைந்து வரவேற்புரையை மாற்றலாம். தலைப்பில் வரும் முன்னொட்டை மாற்றலாம். மடலின் அளவெல்லையை மாற்றலாம். யாருடைய மடலைத் தடுத்து நிறுத்திப் பார்வையிட வேண்டும் என்று தீர்மானிக்கலாம். அமைப்புக் கோப்பைத் தொடுவதற்கோ சேவையகத்தின் நிர்வாகியாக இருத்தல் வேண்டும். திருகோணமலையிலிருந்து ஒருவர் ஒரு குழுவை நடத்துகின்றார் எனின், சேவையகம் வேறொரு நாட்டில், தமிழறியாத ஒருவர் பொறுப்பில் இருத்தல் பெரும்பான்மை. அவருக்குக் கேள்விக்குறிகள் ஒரு தவறாகவே தோன்றமாட்டா. அவர் திரட்டைத் திறந்து பார்க்கப் போவதுமில்லை.

திருகோணமலைக்கு இந்நிலை புதிதன்று. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர், எனினும் அவருடைய எழுத்துப் பணிக்குக் களமானது சென்னை. கருவி இருக்கும் இடத்துக்கு எழுத்தாளன் பெயர்ந்து செல்லவேண்டிய நிலை அன்று இருந்தது. மின்னஞ்சல் அந்நிலையை மாற்றியது என்பது பொதுவான நம்பிக்கை. எழுத்தாளன் இடம்பெயரவேண்டியதில்லை என்ற அளவிலே அது சரி. கருவியின் திறவுகோல் இடம்பெயரவில்லை.

அளவெல்லையைப் பற்றியும் சிறிது விரிவாக நோக்கவேண்டும். ஒரு மடலின் உடற்பகுதி 40 கிலோபைட்டுக்கு மேற்படின் அது நிர்வாகியின் அனுமதிக்காக நிறுத்தப்படும் என்பது மெயில்மேனின் முன்னிருப்பு. பொதுவான எச்சரிக்கை போலவே இது தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் வேறு தோற்றம் தருகின்றது. ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அதனை ஆங்கிலத்தில் எழுதப் பதினொரு எழுத்துகள், பதினொரு பைட்டுகள். 'திருகோணமலை' என்பதோ ஒருங்குறியிலே பத்துக் குறிகள்; யூரிஎப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக முப்பது. மின்னஞ்சலிற் பாதுகாப்பாகச் செல்லும்பொருட்டு அடிப்படை-64 என்னும் முறையிலே மாற்றப்படும்போது அது நாற்பதாகின்றது. மற்றொரு முறையிலே, ஒவ்வொரு பைட்டும் சமக்குறியோடு கூடிய மூன்று எழுத்துகளாகி, தொண்ணூறு ஆகின்றது. மென்பொருள் அளந்து பார்ப்பது இவ்வாறு பருத்த உருவத்தையே. ஆகவே, ஆங்கிலத்தில் ஆறாயிரம் சொற்களுக்கு மேற்பட்ட கட்டுரையொன்று தடையின்றிச் செல்லும் வாயிலிலே, ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் கொண்ட தமிழ்க் கட்டுரை நிறுத்தி வைக்கப்படும். இரண்டாவது முறையிற் சென்றால் அதன் பாதியளவும் செல்லாது. அழகுபடுத்திய வடிவத்தையும் எளிய வடிவத்தையும் ஒருங்கே அனுப்பும் அஞ்சற் செயலியைப் பயன்படுத்தினால் அதனினும் குறையும்.

நீண்ட ஆராய்ச்சியுரைகளைத் துண்டு துண்டாக்கித் தொடராக அனுப்பும் பழக்கம் மடலாடற்குழுக்களில் பரவலாக இருந்தது. அப்பழக்கம் அளவெல்லையினால் மட்டும் தோன்றியது என்பது மிகைக்கூற்றாகும். வார இதழ்த் தொடர்கதைகளிலே பழகிய மனம், வாசகரின் நேரக்குறைவு, எழுதுவோரின் ஓய்வின்மை யாவும் அதற்குக் காரணங்களாகலாம். எனினும், உருவமா உள்ளடக்கமா என்று பல்லாண்டுகள் வாதிட்ட தமிழ் விமர்சன உலகம், உருவத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாக 40 என்னும் எண்ணையும் சேர்த்துக்கொள்ளல் தகும். இவ்வெண்ணைக் குழுவின் நிர்வாகியே மாற்றலாம். சுழியம் என இட்டால் எல்லையே இல்லை. மாற்றத் தெரிந்தவர் மாற்றினர். தெரியாதவர் தமது உறுப்பினருக்கு, 'மடல் மிகப் பெரிது' என்ற ஆங்கில அறிவித்தலை அனுப்பிக்கொண்டிருந்தனர்.

மும்மொழி வழங்கும் துறைமுகப் பகுதிக்குத் தனியான ஒரு பிரச்சினையும் உண்டு. திருகோணமலையிலே ஓர் அறிவித்தல் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அமைந்தாலன்றி எல்லோரையும் எட்டாது. திஸ்கியும், அக்காலத்துச் சிங்கள எழுத்துருக்களும் ஒரே எண்களைத் தத்தம் எழுத்துகளுக்குப் பயன்படுத்தின. ஒரே எண் ஓர் எழுத்துருவிலே தமிழெழுத்தாகவும் மற்றொன்றிலே சிங்கள எழுத்தாகவும் தோன்றும். எனவே, எளிய உரையாலான ஒரே மடலில் இரு மொழிகளும் அருகருகே நிற்க வழியில்லை. ஒன்று சரியாகத் தெரியும்போது மற்றையது சிதைவுறும். தமிழ் 1991இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. சிங்களம் 1999இல் வந்த மூன்றாம் பதிப்பிலேதான் சேர்ந்தது. அதன் பின்னரே இரண்டுக்கும் தனித்தனி இருப்பிடம் கிடைத்தது. இருப்பிடம் கிடைத்த பின்னரும் மெயில்மேன் ஒரு குழுவுக்கு ஒரு 'விருப்ப மொழி'யையே கேட்கின்றது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியைத் தேரலாம் என்பது உண்மை. குழு ஒன்றே மூன்று மொழிகளாற் பேசும் என்னும் எண்ணம் மட்டும் அதன் அமைப்பிலே இல்லை.

இனி, தபாற்காரன் என்ற பெயருக்கு வருவோம். அஞ்சல் திரும்பிவருதல் குறித்த மென்பொருளின் நடத்தையே அதன் இயல்பை நன்கு புலப்படுத்துவது. ஓர் உறுப்பினருக்கு அனுப்பிய மடல் சேராது திரும்பினால் அவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி பதியப்படும். ஒரு நாளில் எத்தனை மடல் திரும்பினாலும் ஒரு புள்ளியே. ஐந்து புள்ளிகள் சேர்ந்தால் அவருக்கு மடல் அனுப்புவது நிறுத்தப்படும். பின்னர் வாரத்துக்கு ஒன்றாக மூன்று எச்சரிக்கைகள் செல்லும். பதில் இல்லையேல் பெயர் நீக்கப்படும். செத்துப்போன முகவரிகளால் பட்டியல் நிரம்பாதிருக்க இது தேவையான ஏற்பாடு. பல்லாயிரம் பேர் கொண்ட பட்டியலைக் கையாற் பார்த்துத் திருத்துவது எவராலும் ஆகாது.

ஆயினும், அது எத்தகைய வாழ்க்கையைக் கற்பனை செய்து வகுக்கப்பட்டது என்ற வினா எழுகின்றது. 2004க்கு முன்னர் ஹொட்மெயில் வழங்கிய அஞ்சற்பெட்டியின் கொள்ளளவு 2 மெகாபைட். நாளொன்றுக்குப் பத்துக் கிலோபைட் அளவான இருபது மடல்கள் வரும் குழுவிலே சேர்ந்த ஒருவர் பெட்டியைத் திறவாதிருப்பின், பத்து நாளில் அது நிரம்பிவிடும். நிரம்பிய பெட்டி மடல்களைத் திருப்பியனுப்பும். ஐந்து நாளில் ஐந்து புள்ளிகள். எச்சரிக்கைகளும் அந்த நிரம்பிய பெட்டிக்கே செல்கின்றன, அவையும் திரும்புகின்றன. ஆக, ஏறக்குறைய ஐந்து வாரம் மௌனமாயிருந்தவர் குழுவினின்றும் நீங்கியவராகின்றார். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ ஐந்து வாரம் அஞ்சலைப் பாராதவர் அக்குழுவிலே அக்கறையற்றவர் என ஊகித்தல் பொருந்தும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிய பின்னர் திருகோணமலைக் கரையோரத்திலே வாழ்ந்த ஒருவரைப் பற்றி அவ்வாறு ஊகிக்கலாமா? 2006 ஆகஸ்டிலே மூதூரிலிருந்து குடும்பத்தோடு கந்தளாயை நோக்கி நடந்தவரைப் பற்றி? பெட்டியின் கொள்ளளவு அதற்குள் பெருகியிருந்தது என்பது உண்மை. ஆனால் விதி மாறவில்லை: மௌனம் என்பது விலகல்.

ஊர்த் தபாற்காரன் இவ்விதம் நடப்பதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையிலே 'பாதை' எனப்பட்ட மிதவை வரும்வரை மனிதரோடு கடிதப் பையும் காத்திருந்தது. மூதூருக்கான லாஞ்சி கடல் கொந்தளித்த நாளில் ஓடாது, மறுநாள் ஓடும். வீடு பூட்டியிருந்தால் தபாற்காரன் அயல்வீட்டில் விசாரிப்பான். இன்ன ஊரிலே உறவினர் வீட்டில் இருக்கின்றார் என்று கேட்டால் உறையிலே அந்த முகவரியை எழுதி அனுப்புவான். காத்திருத்தலும் விசாரித்தலும் அவன் தொழிலின் பகுதிகள். மென்பொருள் மேற்கொண்ட பெயர் அவனுடையது, குணம் வேறு. புள்ளிகளின் எல்லையைப் பத்தாகவோ இருபதாகவோ உயர்த்துவதும், எச்சரிக்கைகளின் இடைவெளியை நீட்டுவதும், நீக்கும்போது தனக்கு அறிவிக்கச் செய்வதும் நிர்வாகியின் கையில் உள்ளவை. அவற்றை மாற்றிய நிர்வாகி, எந்திரத்துக்குள்ளே ஒரு தபாற்காரனை மீண்டும் அமர்த்துகின்றார் எனலாம்.

மறுமொழி எங்கே செல்ல வேண்டும் என்பதும் இவ்வகையானதொரு தெரிவே. எழுதியவருக்கு மட்டும் செல்லல் வேண்டும் என்பது மெயில்மேனின் முன்னிருப்பு. தனிமனிதர் இருவர் உரையாடுவதைப் பிறர் ஒட்டுக்கேட்பது போன்ற கருத்து இதன் அடியிலுள்ளது. தமிழ்க் குழுக்களோ தம்மைச் சபையாகவே பெரிதும் கருதின. சபையில் எழுந்த வினாவுக்குச் சபையிலேயே விடை கூறல் வேண்டும். எனவே அதனைக் குழுவுக்கே செல்லுமாறு மாற்றுவதே பொருத்தம் என்று நிர்வாகிகள் பலர் எண்ணினர். ஒருவருக்கு மட்டும் என எண்ணி எழுதிய கோப மொழி ஆயிரம் பேர் முன்னிலையில் அரங்கேறும் ஆபத்தை இம்மாற்றம் கொண்டுவந்தது. இதிலே மென்பொருளைக் குறை கூற இடமில்லை.

இத்தனை குறைகளையும் காட்டியபின், யாகூ போன்ற நிறுவனங்களின் ஏற்பாடு மேலானதன்றோ எனக் கேட்கலாம். அங்கே சேவையக நிர்வாகி தேவையில்லை. அமைப்புக் கோப்பு இல்லை. ஐந்து நிமிடத்திலே குழு தொடங்கலாம். தமிழர் பெருந்தொகையாக அங்கே சென்றமைக்கு அதுவே காரணம். ஆனால், 2019 அக்டோபரில் அந்நிறுவனம் குழுக்களுக்குப் புதிய உள்ளடக்கம் ஏற்றுவதை நிறுத்தியது. டிசம்பரிலே சேர்த்துவைத்திருந்த மடல்களை நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15ஆம் நாள் சேவையையே மூடியது. முன்னெச்சரிக்கையாகப் பிரதி எடுத்து வைத்தவர்களின் குழுக்கள் பிழைத்தன. ஏனையவை ஏட்டுச்சுவடிகளின் வழியே சென்றன. மெயில்மேனோ மடல்கள் யாவற்றையும் குழுவுக்கு ஒன்றான எளிய கோப்பாகவே சேர்த்து வைக்கின்றது; எவரும் அதனைப் பிரதி செய்து வேறொரு கணினிக்கு எடுத்துச் செல்லலாம். கேள்விக்குறிகளை இடும் தபாற்காரன், கடிதங்களை எரிக்கும் தபாலதிபரினும் மேலானவன். ஏனெனில், கேள்விக்குறிகள் திரட்டிலே மட்டும் உள்ளவை. சேமக் கோப்பிலே மூலமடல் சிதையாது கிடக்கின்றது.

கட்டற்ற மென்பொருள் ஆதலின் குறை கண்டவர் தாமே திருத்திக்கொள்ளலாம் என்ற வாதத்தையும் முழுமையாகத் தள்ளிவிட முடியாது. திருத்த வழி இருப்பது வேறு, திருத்துவோர் இருப்பது வேறு. 2.1 பதிப்பு வெளிவந்த காலத்திலே முப்பதுக்கு மேற்பட்ட மொழியினர் பிற்பாடு தத்தம் மொழிபெயர்ப்புகளைக் கொண்டுவந்து சேர்க்கும் வாயில் திறந்தே இருந்தது. இலத்தீன் எழுத்தைக் கொண்ட சிறு மொழிகள் பல அதனூடே நுழைந்தன. எழுத்துருச் சண்டையிலும் குறியேற்ற விவாதத்திலும் ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்ட தமிழ்க் கணிமையாளர், இத்தகைய பின்கட்டு வேலைகளைப் போதிய அளவு கவனியாது விட்டனர் என்ற குற்றச்சாட்டு வன்மையானதாயினும் நியாயமானதே.

2014 ஏப்ரலில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சுருக்கமாகக் குறிக்கலாம். தன் முகவரியிலிருந்து வருவதாகக் கூறும் மடல், தன் சேவையகத்தின் அத்தாட்சியோடு பொருந்தாவிடின் அதனை நிராகரிக்குமாறு யாகூ உலகுக்கு அறிவித்தது. மடலாடற்குழு தலைப்பில் முன்னொட்டும் அடியிற் குறிப்பும் சேர்ப்பதால் அத்தாட்சி சிதைகின்றது. விளைவாக, யாகூ முகவரியிலிருந்து ஒருவர் எழுதியதைப் பிற நிறுவனங்கள் திருப்பியனுப்பின. எழுதியவருக்கு எதிராகவன்றிப் பெறுவோர் பெயர்களுக்கு எதிராகப் புள்ளிகள் ஏறின. அடுத்த மாதமே மெயில்மேன் இதற்குப் பரிகாரம் கண்டது: அனுப்புநர் இடத்திலே எழுதியவரின் முகவரியை அகற்றிக் குழுவின் முகவரியை இட்டது. எழுத்தின் மீது எழுதியவனுக்குள்ள பெயருரிமை, குப்பை மடலைத் தடுக்கும் முயற்சியிலே இவ்வாறு ஒரு படி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

2015இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு புதிதாகவே எழுதப்பட்டது. ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டமையால் பழைய கேள்விக்குறிச் சிக்கல் பெரிதும் நீங்கியது. மாதந்தோறும் கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதி அனுப்பி உறுப்பினரைத் திடுக்கிடச் செய்த வழக்கமும் கைவிடப்பட்டது. பழைய 2.1 பதிப்பு சார்ந்திருந்த பைதன் இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி முதலாம் நாளோடு முடிவுற்றமையால், பழையதை வைத்திருப்போரும் மாறவேண்டிய நிலையில் உள்ளனர். புதிய பதிப்பின் முன்னிருப்புகளைத் திறந்து பார்ப்பவர், நீக்கத்துக்கான புள்ளிகள் ஐந்தாகவும், மடலின் அளவெல்லை நாற்பதாகவும் முன்போலவே இருக்கக் காண்பர்.